15 அடியா, 20 அடியா, 30 அடியா? காணி பிரிப்பவருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் சாம்பல்தீவுப் பக்கம் அப்பாவின் பெயரில் இருந்த மூன்று ஏக்கர் தென்னங்காணி பிள்ளைகள் நான்கு பேருக்கும் வந்திருக்கிறது. வீதியோரம் 330 அடி, உள்நோக்கி 396 அடி. பின்பக்கம் வயலை நோக்கித் தாழ்கிறது. பத்துப் பேர்ச்சஸ் (ஒரு பேர்ச்சஸ் ஏறத்தாழ 272 சதுர அடி) துண்டுகளாகப் பிரித்து விற்க நினைக்கிறீர்கள். தரகர் உள்ளே 15 அடி ஒழுங்கை போதும், இரண்டு துண்டு கூடுதலாக வரும் என்கிறார். நில அளவையாளர் 20 அடி வைப்போம் என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் 30 அடி விடாவிட்டால் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று நிற்கிறார். "சட்டப்படி எத்தனை அடி?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் உண்மையில் நீங்கள் கேட்பது வேறு: அண்ணன் சொல்வதைக் கேட்டால் எங்களுக்கு எவ்வளவு நட்டம், தரகர் சொல்வதைக் கேட்டால் வாங்குகிறவர்களுக்கு என்ன நேரும்? இரண்டுக்கும் பதில் சொல்ல முடியும்.

நான் நகரத் திட்டமிடல் படித்தவன். கிழக்கு மாகாணத்தில் காணிப் பிரிப்பு விண்ணப்பங்களைப் பார்ப்பதும், பிரித்த காணிகளைச் சில வருடங்கள் கழித்துப் போய்ப் பார்ப்பதும் நீண்ட காலமாக என் வேலையாக இருந்தது. உங்கள் காணியை நான் பார்க்கவில்லை. நிலமட்டம், காணி உறுதிப்பத்திரம், முன்வீதி யாருடையது என்பவை தெரியாமல்தான் எழுதுகிறேன். அதனால் எது உறுதியாகச் சொல்வது, எது பார்த்த பிறகே சொல்லக்கூடியது என்பதை அந்தந்த இடத்தில் பிரித்துக் காட்டுகிறேன்.

சட்டத்தில் உறுதியானவை சில. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேசத்துக்குள் காணி இருந்தால், பிரிப்பதற்கு முன்பே அனுமதி எடுக்க வேண்டும். அதற்கான ஒழுங்குவிதிகள் 1986 இல் வந்தன. 2021 இல் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. குடியிருப்புத் துண்டு பொதுவாக 150 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது. இது ஏறத்தாழ ஆறு பேர்ச்சஸ். வீதியின் அகலத்துக்கு ஒரே ஒரு எண் கிடையாது. அந்த வீதியால் எத்தனை துண்டுகளுக்குப் போகவேண்டும், வீதி எவ்வளவு நீளம் என்பவற்றைப் பொறுத்து அந்த ஒழுங்குவிதிகளின் அட்டவணையில் அகலம் கூடிக்கொண்டே போகும். நான்கைந்து வீட்டுக்குப் பொருந்தும் ஒழுங்கை முப்பது வீட்டுக்குப் பொருந்தாது. ஆகவே "15 அடி சட்டப்படி சரி" என்று தரகர் சொன்னது எங்கோ ஒரு சிறு காணிக்குச் சரியாக இருந்திருக்கலாம். முப்பதுக்கு மேற்பட்ட துண்டுகள் வரப்போகும் உங்கள் காணிக்கு அதை வைத்துப் பேசக்கூடாது. உங்கள் காணி எந்த வகுப்பில் விழும் என்பதை உங்கள் உள்ளூராட்சிச் சபையின் திட்டமிடல் பகுதியில் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்களைத் தொடும் விதி ஒன்றும் இருக்கிறது. பிரிக்கப்படும் காணி ஒரு ஹெக்டேயரைத் தாண்டினால், வீதிகள் நீங்கலாக 10 சதவீதத்துக்குக் குறையாத நிலத்தைப் பொதுத் தேவைக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்க வேண்டும். ஒரு ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். மூன்று ஏக்கர் அதைத் தாண்டிவிடுகிறது. மூன்று ஏக்கர் 480 பேர்ச்சஸ். அதில் 48 பேர்ச்சஸ் ஒதுக்குக்குப் போகும் என்று வைத்துக்கொண்டே இனி வரும் கணக்கைப் போடுகிறேன்.

330 அடி அகலமான காணிக்கு நடுவில் ஒரே ஒரு வீதி போட்டால் இரண்டு பக்கமும் 150 அடி ஆழம் மிஞ்சும். பத்துப் பேர்ச்சஸ் துண்டு அப்போது 18 அடி முகப்பும் 150 அடி நீளமுமாக இழுபட்டுப் போகும். அதில் வீடு கட்ட முடியாது. அதனால் உள்ளே இரண்டு வீதிகள், பின் எல்லையில் அவற்றை இணைக்கும் ஒரு குறுக்கு வீதி, நான்கு வரிசைத் துண்டுகள் என்ற அமைப்புத்தான் இந்தக் காணிக்குப் பொருந்தும். இந்த அமைப்பில் எல்லா வீதியும் 15 அடி என்றால் வீதிக்கு 52 பேர்ச்சஸ் போகும். ஒதுக்கும் போக 38 துண்டுகள் வரும். எல்லாம் 20 அடி என்றால் வீதிக்கு 69 பேர்ச்சஸ், 36 துண்டுகள். எல்லாம் 30 அடி என்றால் 102 பேர்ச்சஸ், 33 துண்டுகள். ஒரு வீதியை 30 அடியாகவும், மற்றதையும் குறுக்கு வீதியையும் 20 அடியாகவும் வைத்தால் 83 பேர்ச்சஸ், 34 துண்டுகள். தரகர் சொன்ன "இரண்டு துண்டு கூடுதல்" பொய்யில்லை. ஆனால் நீங்கள் நால்வரும் சண்டை பிடித்துக்கொண்டிருப்பது மொத்தத்தில் ஐந்து துண்டுகளுக்கு, அதாவது ஆளுக்கு ஒன்றேகால் துண்டுக்கு.

என் தெரிவு அந்தக் கடைசி அமைப்பு. ஏன் என்று சொல்வதற்கு முன் இன்னொரு யோசனையைத் தட்டிவிட வேண்டும். காரணம், நான்கு பிள்ளைகள் உள்ள காணியில் இது கட்டாயம் யாராவது சொல்லுவார்கள். "முதலில் பங்குபிரிப்பு உறுதி எழுதி ஆளுக்கு முக்கால் ஏக்கராக எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு அவரவர் தன் பங்கைத் துண்டாக்கட்டும், ஒரு ஹெக்டேயருக்குக் கீழே வந்துவிடும், ஒதுக்குக் கேட்க முடியாது" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். முக்கால் ஏக்கர் என்பது எண்பத்திரண்டரை அடி அகலம், 396 அடி நீளமான ஒரு கீலம். ஒவ்வொரு கீலத்துக்கும் தனித்தனி 15 அடி ஒழுங்கை வேண்டும். நான்கு ஒழுங்கைகளும் சேர்ந்து 87 பேர்ச்சஸை விழுங்கும். நான் சொன்ன 30 அடி, 20 அடி அமைப்புக்கு 83 தான் போகிறது! ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு பக்கம் மட்டுமே துண்டுகள். மறுபக்கம் சகோதரரின் பின்மதில். ஒவ்வொன்றும் 396 அடி உள்ளே போய் முட்டி நிற்கும். ஆளுக்கு ஒன்பது துண்டு, மொத்தம் 36. லொறி திரும்ப ஒவ்வொரு முடிவிலும் இடம் விட்டால் அதுவும் குறையும். ஒதுக்கு நிலத்தை இழக்காமல், குறுகிய ஒழுங்கை வைத்து, எல்லாத் தந்திரமும் செய்து கிடைப்பது இரண்டே துண்டு. அந்த 36 குடும்பங்களுக்கும் பிள்ளைகள் பந்தடிக்க ஓர் அடி நிலம் இருக்காது.

1912 இல் ரேமண்ட் அன்வின் என்ற ஆங்கிலேயத் திட்டமிடலாளர் இதே மாதிரி ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார்: ஏக்கருக்குள் வீடுகளை நெருக்க நெருக்க வீதிக்குப் போகும் நிலமும் செலவும் கூடுவதால், நெருக்கியதற்கான இலாபம் நினைத்த அளவுக்கு வருவதில்லை என்று. உங்கள் காணியிலும் அதுதான் நடக்கிறது.

இனி 20 அடி, 30 அடி பற்றி. வரைபடத்தில் 20 அடி என்று எழுதுவது இரண்டு எல்லைக்கல்லுக்கு இடையிலான தூரம். அந்தத் தூரம் முழுவதிலும் வண்டி ஓடாது. இரண்டு பக்கமும் ஒன்றரை அடிக் கான் (வடிகால்) வெட்டினால் 17 அடி. மின்கம்பம் ஒரு பக்கம் நின்றால் 16. ஒவ்வொரு வீட்டுக்காரரும் கேற்றுக்கு முன்னால் கானின் மேல் கொங்கிறீட் போட்டு ஒரு சரிவு கட்டுவார். அது வீதிக்குள் ஓர் அடி வரும். மதில் கட்டுகிற மேசன் அத்திவாரத்தை எல்லைக்கு வெளியே அரை அடி தள்ளுவார்; அதைக் கேட்க ஆளிருக்காது. உப்புவெளி, அலஸ்தோட்டம், அன்புவழிபுரம், பாலையூற்று என்று எந்தப் பக்கமும் ஒரு புதிய குடியிருப்புக்குள் அளவு நாடாவோடு போய் மதிலுக்கு மதில் பிடித்துப் பாருங்கள். பிறகு சரிவுக்குச் சரிவு பிடித்துப் பாருங்கள். இரண்டு எண்களும் வேறாக இருக்கும். வண்டி ஓடுவது இரண்டாவது எண்ணில்.

ஒரு டிப்பர் மணல் பறிக்க நிற்கும்போது எட்டு அடி போய்விடும். புதிய குடியிருப்பில் முதல் பத்து வருடம் யாராவது ஒருவர் வீடு கட்டிக்கொண்டே இருப்பார். அதனால் டிப்பர் நிற்காத நாள் குறைவு. அந்த நேரத்தில் 1990 என்ற எண்ணுக்கு அழைத்த அம்புலன்ஸ் வந்தால் மிச்சமிருக்கும் ஏழு, எட்டு அடிக்குள் நுழைய வேண்டும். தீயணைப்பு வண்டியும் ஏறத்தாழ எட்டு அடி அகலம். நின்று கதவு திறந்து குழாய் இழுத்து வேலை செய்ய 12 அடியாவது தடையில்லாமல் வேண்டும். 20 அடி வீதியில் இவை நல்ல நாளில் முடியும். 15 அடி ஒழுங்கையில் எந்த நாளிலும் முடியாது. தரகரின் யோசனையை நான் முழுதாக ஒதுக்குவதற்கு இந்த ஒன்றே போதும்.

ஆனால் அண்ணனிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 30 அடி ஒதுக்குவது என்றால் 30 அடிக்கும் தார் போடுவது என்று அர்த்தமில்லை. அகலமாகவும் நேராகவும் தார் போட்ட வீதியில் மோட்டார் சைக்கிள்கள் பறக்கும். பிள்ளைகள் உள்ள தெருவுக்கு அது ஆபத்து. 18 அடிக்கு வண்டிப் பாதை, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிக் கான், அதற்கு அப்பால் மதில் வரை நான்கு நான்கு அடிப் பட்டி. அந்தப் பட்டியில்தான் நடக்கிற பாதை, தண்ணீர்க் குழாய், மின்கம்பம், வேப்பமரம் எல்லாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் நண்பகலில் நிழலில்லாத தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளை நடந்து வருவதைப் பார்த்தவர்கள் அந்த நான்கு அடியை வீண் என்று சொல்லமாட்டார்கள். அகலத்தை இன்றைக்கு ஒதுக்கினால் தாரைப் பிறகு கூட்டலாம், குறைக்கலாம். இரண்டு பக்கமும் மதில் எழும்பிய பிறகு அகலத்தைக் கூட்ட எவராலும் முடியாது. பழுதான குழாயை மாற்றலாம், கானைத் திருத்தலாம், வீட்டை இடித்துக் கட்டலாம். ஒரு காணிப் பிரிப்பில் திரும்பச் செய்ய முடியாதது தெருவின் அகலமும் அது போகும் திசையும்தான். அதனால்தான் இதில் இவ்வளவு அழுத்திப் பேசுகிறேன்.

30 அடி வீதி எது என்பதிலும் யோசிக்க வேண்டும். இரண்டில் எது பின்னாலுள்ள காணிக்குத் தொடர வாய்ப்புள்ளதோ, அதை அகலமாக்கிப் பின் எல்லை வரை கொண்டுபோய் விடுங்கள். இன்று பின்னால் வயல் என்கிறீர்கள். வயலாக இருக்கும் வரை அது வயலாகவே இருக்கட்டும்; 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் அதை நிரப்பவும் முடியாது. ஆனால் பக்கக் காணிகள் மேட்டுக்காணிகள் என்றால் நாளைக்கு அவையும் பிரிபடும். ஒவ்வொருவரும் தன் காணிக்குள் மட்டும் வீதி போட்டுக் கடைசித் துண்டோடு மூடிவிட்டால், அடுத்த தெருவிலிருக்கும் கடைக்குப் போகப் பிரதான வீதிக்கு வந்து சுற்றிப் போகிற ஊராகிவிடும். சிலர் வீதியின் முடிவில் ஓர் அடி அகலத் துண்டைத் தம் பெயரில் வைத்துக்கொள்வார்கள். பக்கத்துக் காணிக்காரர் வீதியைப் பயன்படுத்த வந்தால் அந்த ஓர் அடிக்கு விலை பேசலாம் என்பது நோக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அளவையாளர் தானாகவே வரைந்து கொண்டுவந்தாலும் அழிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு உள்வீதிகளாலும் முன்வீதிக்கு இரண்டு வாசல் இருப்பதை நான் வற்புறுத்துவதற்குத் திருகோணமலைக்காரருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 1964 டிசம்பர்ச் சூறாவளியை எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26 சுனாமியை நாங்களே கண்டோம். ஒரே வாசல் உள்ள குடியிருப்பில் அந்த வாசலில் ஒரு தென்னை விழுந்தால் முப்பது வீடும் உள்ளே. கடலோரக் குடியிருப்பில் கடலுக்கு எதிர்த்திசையில் மேட்டை நோக்கி நடந்து போகவாவது ஒரு வழி திறந்திருக்க வேண்டும். உங்கள் முன்வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வீதியாக இருந்தால், இரண்டு வாசலுக்கு அவர்கள் சம்மதிப்பார்களா என்பது கேட்டுப் பார்க்க வேண்டியது. நான் சொன்ன அமைப்பில் இரண்டு வாசலுக்கும் நடுவே 165 அடி இருக்கிறது. அந்த இடைவெளியை எடுத்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாசலிலும் மூலைத் துண்டின் முனையைப் பத்து அடிக்குப் பத்து அடி சரித்து வெட்டி வீதியோடு சேர்த்துவிடுங்கள். மதில் முனை கூராக நின்றால் வெளியே வருகிற முச்சக்கர வண்டிக்காரர் பிரதான வீதியைக் காண்பதற்கு முன்பே வண்டியின் மூக்கு வீதிக்குள் போயிருக்கும்.

இதுவரை சொன்னதைவிட எனக்குக் கவலை தருவது தண்ணீர். நீங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. தரகரும் அண்ணனும் கூடப் பேசியதாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்து மழை ஐப்பசியிலிருந்து மார்கழி, தை வரை கொட்டிவிட்டுப் போகிற மழை. ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் உங்கள் மூன்று ஏக்கரில் விழுவது 12 இலட்சம் லீற்றர். இன்று அது தென்னங்காணி மணலில் ஊறுகிறது. மிச்சம் வேலிக்குக் கீழால் வயலுக்கு இறங்குகிறது. நாளைக்கு 34 கூரையும் முற்றத்துக் கொங்கிறீட்டும் தாரும் வந்தால் ஊறுவதற்கு இடம் குறையும். இறங்குவதற்கு வழியும் இருக்காது. முட்கம்பி வேலியும் கிடுகு வேலியும் தண்ணீரை மறிப்பதில்லை, மதில் மறிக்கும். நான்கு வரிசைத் துண்டுகளுக்கும் பின்மதில் எழும்பினால் காணிக்குள் நீளவாட்டில் மதில்கள் நிற்கும். தண்ணீருக்கு மிஞ்சும் ஒரே வழி தெருதான். ஆகவே தெருவைத் தண்ணீர் போகும் வழியாக முதலில் வரையுங்கள், பிறகு வண்டி போகும் வழியாக்குங்கள், மிச்சத்தைத் துண்டாக்குங்கள். வழக்கத்தில் தலைகீழாக நடக்கிறது: துண்டுகளை எண்ணி முடித்து, மிஞ்சியதை வீதி என்று பெயரிட்டு, கானைச் சபை போடும் என்று விட்டுவிடுகிறார்கள்.

கானுக்கு 300 அடிக்கு ஓர் அடி சரிவு வைத்தால், 396 அடி நீளத்தில் கானின் அடிமட்டம் 1.3 அடி இறங்க வேண்டும். தொடங்குமிடத்தில் ஒன்றரை அடி ஆழமும் நிலம் மட்டமாகவும் இருந்தால், முடியுமிடத்தில் ஏறத்தாழ மூன்றடி ஆழம். அந்த மூன்றடிக் கானின் அடிமட்டம், தண்ணீர் போய்ச் சேரும் மதகின் அடிமட்டத்தை விட உயரமாக இருக்கிறதா? இருந்தால் தண்ணீர் போகும். இல்லாவிட்டால் கான் முழுக்க நுளம்புக் குடம்பிதான். உங்கள் நிலம் பின்னால் தாழ்வதால் கான் வயல்பக்கம் போக வேண்டியிருக்கும். அங்கே தண்ணீரைச் சேர்த்து ஒரே வாயால் விடுவதற்கு வயற்காரரின் சம்மதமோ, ஏற்கெனவே இருக்கும் பொது வாய்க்காலோ வேண்டும். இயல்பாகப் பரந்து வழிந்த தண்ணீர் வேறு, கான் வெட்டி ஒரு முனையில் கொட்டுகிற தண்ணீர் வேறு. இரண்டாவதற்கு அவர் உங்கள் மேல் வழக்குப் போடலாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்தச் சச்சரவு விற்று முடிந்த பிறகு வாங்கினவர்களின் தலையில் விழுகிறது.

வீதியின் மட்டத்தையும் முதலிலேயே எழுதி வையுங்கள். வீதியைக் கிரவல் போட்டு உயர்த்தினால் துண்டுகள் கிணறாகிவிடும். துண்டுக்காரர் ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு மண் நிரப்பினால் கடைசியாகக் கட்டுகிறவரின் முற்றத்தில் ஊர்த் தண்ணீரெல்லாம் நிற்கும். வீதி துண்டுகளை விடச் சற்றுத் தாழ்வாக, நடு உயர்ந்து இரண்டு கானுக்கும் சரிந்து இருக்க வேண்டும். தார் வீதிக்குப் பத்து அடிக்கு மூன்று அங்குலச் சரிவு. கிரவல் வீதிக்கு இன்னும் கொஞ்சம் கூட.

அந்த 48 பேர்ச்சஸ் ஒதுக்கை எங்கே வைப்பது என்பதற்கும் தண்ணீரே வழி காட்டுகிறது. பின் எல்லையில் குறுக்கு வீதி முடிகிற தாழ்ந்த மூலையில் 70 அடிக்கு 187 அடியாக வைத்தால், வருடத்தில் பெரும்பகுதி பிள்ளைகளின் மைதானம். மாரியில் சில நாள் தண்ணீர் தேங்கி ஊறும் இடம். கவனமாக இருங்கள்: வருடம் முழுக்கச் சேறாகக் கிடக்கும் துண்டை ஒதுக்கென்று காட்டினால் சபை மறுக்கும், மறுக்கவும் வேண்டும். இன்னொரு வசதியும் இருக்கிறது. குறுக்கு வீதி நேராக வந்து முட்டுகிற துண்டு தெருக்குத்து. அதை வாங்க ஆட்கள் தயங்குவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இரவில் வண்டி வெளிச்சம் வீட்டுக்குள் அடிப்பதும், திரும்பத் தவறிய வண்டி மதிலில் மோதுவதும் உண்மையான தொல்லைகள்தான். அந்த இடத்தில் மைதானம் இருந்தால் ஒரு தெருக்குத்துக் குறைகிறது. மறுமுனையிலுள்ள துண்டு மிஞ்சும். அதைச் சற்றுப் பெரிதாக்கி, வாசலை 30 அடி வீதியில் ஒதுங்கிய பக்கம் வைத்துக் கொடுங்கள்.

துண்டின் அளவைப் பற்றியும் ஒன்று. ஆறு பேர்ச்சஸ் சட்டப்படி போதும் என்று சொல்லி யாராவது ஐம்பது துண்டாக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பக்கம் கழிவுநீர்க் குழாய்த் திட்டம் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் மலசலகூடக் குழி உண்டு, பல வீடுகளுக்குக் கிணறும் உண்டு. கிணற்றுக்கும் ஊறுகுழிக்கும் இடையில் 50 அடி என்பது பழக்கத்திலுள்ள அளவு. நான் சொன்ன அமைப்பில் துண்டு 39 அடி முகப்பும் 70 அடி ஆழமும். எல்லோரும் குழியைத் தெருப்பக்கமும் கிணற்றைப் பின்பக்கமும் வைத்தால், இரண்டுக்கும் ஏறத்தாழ 60 அடி கிடைக்கும். பின்வீட்டுக் கிணறும் உங்கள் கிணறும் முதுகோடு முதுகாக நிற்கும், குழிகளுக்கு நடுவே தெரு இருக்கும். ஒருவர் மட்டும் மாற்றி வைத்தால் பின்வீட்டாரின் கிணறு கெடும். எனவே இதை உறுதியில் நிபந்தனையாகவே எழுதலாம். ஆறு பேர்ச்சஸ் துண்டு, 30 அடிக்கு 54 அடி என்று வந்தால், இந்த இடைவெளி எப்படி வைத்தாலும் கிடைக்காது. மணல் நிலத்தில் 50 அடி போதுமா என்பது சந்தேகத்துக்கு உரியதுதான். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடங்களில் மாரியில் குழிக்குள்ளேயே தண்ணீர் ஏறிவிடும். அப்போது தூரக் கணக்கு நம்பத்தக்கதல்ல. குழாய் நீர் அந்தப் பக்கம் எப்போது வரும் என்பதைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் எழுத்தில் கேட்டு, பதிலை வாங்குகிறவர்களுக்குக் காட்டுங்கள்.

இனி உறுதி விஷயம். சுருக்கமாகச் சொல்கிறேன், மீதியைச் சட்டத்தரணி சொல்லட்டும். இந்தக் காணி தனியார் உறுதிக்காணியா, அல்லது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசிடமிருந்து கிடைத்த அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது வகை என்றால் நான் மேலே எழுதிய எதுவும் நேரடியாகப் பொருந்தாது. பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். கடல் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படும். சாம்பல்தீவில் காணி எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதாததால் இதை என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

வரைபடத்தில் வீதிக்கும் ஒரு தனித் துண்டு இலக்கம் இருக்கும். அந்தத் துண்டு யாருக்குப் போகிறது என்பதை எழுதாமல் விட்டுவிடுவதுதான் இந்தப் பக்கத்தில் நான் அதிகம் கண்ட குறை. எல்லாத் துண்டும் விற்றுத் தீர்ந்த பிறகும் வீதி அப்பாவின் பிள்ளைகள் நால்வரின் பெயரிலேயே கிடக்கும். பத்து வருடம் கழித்து ஒருவர் இறந்து, அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து வந்து, "இதுவும் எங்கள் பங்குதானே" என்பார்கள். சபையும் தனியார் வீதிக்குத் தார் போடாது, விளக்குப் போடாது. ஆகவே அனுமதி கிடைத்தவுடன், முதல் துண்டை விற்பதற்கு முன்பே, வீதித் துண்டுகளையும் ஒதுக்கு நிலத்தையும் சபைக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்குச் சபை என்ன தரத்தில் வீதியும் கானும் கேட்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். கிரவலோடு ஏற்பார்களா, கொங்கிறீட்டுக் கான் கட்டித் தரச் சொல்வார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொண்டால்தான் துண்டுக்கு விலை நிர்ணயிக்க முடியும். சபைக்குக் கொடுப்பது தாமதமானால், ஒவ்வொரு உறுதியிலும் அந்த வீதித் துண்டின் மீதான வழியுரிமையை இலக்கம் குறிப்பிட்டு, வாகனம், தண்ணீர்க் குழாய், மின்கம்பி, வடிகான் எல்லாவற்றுக்கும் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். "நடைபாதை உரிமை" என்று மட்டும் எழுதிய உறுதியை வைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய் இழுக்கப் போராடினவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

துண்டு என்ன விலைக்குப் போகும், 30 அடி வீதியில் உள்ள துண்டுக்கு எவ்வளவு கூடும் என்பது என் துறையல்ல. அதில் தரகரைக் கேளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: லொறி உள்ளே வரக்கூடிய துண்டுக்கும் வராத துண்டுக்கும் அவர் ஒரே விலை சொல்கிறாரா என்று.

அளவையாளரிடம் துண்டு போட்ட வரைபடத்தை இப்போதே கேட்க வேண்டாம். முதலில் முழுக் காணிக்கும் மட்டம் எடுக்கச் சொல்லுங்கள்: முன்வீதி, அதன் மதகின் அடிமட்டம், பின் எல்லை, வயல் வாய்க்காலின் அடிமட்டம், பக்கக் காணிகளின் மட்டம் எல்லாம் சேர்த்து. இந்த மாரி முடிவதற்குள் ஒரு பெருமழை நாளில் நீங்களும் கூடப் போய், தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் வழிகிறது என்று அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அதை எடுத்துக்கொண்டு சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் போய்ப் பேசிய பிறகு, நால்வரும் இருந்து வீதியை வரையலாம். மட்டத் தாளை இங்கே பதிந்தால் கானின் திசையையும் எந்த வீதியை 30 அடியாக்குவது என்பதையும் பார்த்துச் சொல்கிறேன்.